வெளிக் கடிகாரம் யாருக்குத் தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி இசை கேட்போர் ஒலிக்கருவிகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தச் சீரான மின்துடிப்பைத் தரும் தனிப் பெட்டியான வெளிக் கடிகாரத்தையும் உயர்தரக் கேபிள்களையும் வாங்கிப் பொருத்தினால் ஒலியின் தெளிவு கூடும் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஜிட்டர் எனப்படும் நேரத் தள்ளாட்டம் ஒலியைக் கெடுக்கக்கூடியது என்று கட்டுரையாளர் கூறியிருப்பது சரியே. ஆனால் அது கருவித்தொடரின் எந்த இடத்தில் தீங்கு செய்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அந்த ஒன்று விடுபட்டதால், அவருடைய பரிந்துரைகள் பலவும் பயனில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டச் சொல்பவையாக முடிந்துவிட்டன.

எண்களாக இருக்கும் இசை மறுபடியும் மின்னலையாக மாறுவது டிஏசி என்னும் மாற்றியில்தான். குறுந்தட்டுத் தரத்தில் ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் வினாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையின் அளவீடுகள், உரிய கணத்தில் வெளிவர வேண்டும். அந்தக் கணம் முன்பின்னாக நகர்ந்தால் அலைவடிவம் பிசகும். 10 கிலோஹெர்ட்ஸ் சுரம் ஒன்றில் 1 நானோ வினாடி (வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) உச்ச அளவுள்ள சீரான தள்ளாட்டம் இருந்தால், மூலச் சுரத்தைவிடச் சுமார் 90 டெசிபல் தாழ்ந்த இரண்டு பக்கச் சுரங்கள் உருவாகும் என்பது எளிய கணக்கு. பெஞ்சமின், கேனன் ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தனிச் சுரங்களைக் கேட்டவர்களுக்கே 10 நானோ வினாடி அளவில்தான் வேறுபாடு தெரியத் தொடங்கியது. இசையில் அந்த வரம்பு இன்னும் உயர்ந்திருந்தது. நன்கு வடிவமைக்கப்பட்ட இன்றைய டிஏசிகளில் ஜிட்டர் நானோ வினாடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பிக்கோ வினாடிக் கணக்கில்தான் இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் இசைத்தரவு சீரான ஓட்டமாக வருவதில்லை. பாக்கெட்டுகள் எனப்படும் சிறு துண்டுகளாக, விட்டுவிட்டு, சில வேளைகளில் வரிசை மாறியும் வந்து சேர்கிறது. பிழையுள்ள பாக்கெட் சரிபார்ப்பில் கழிக்கப்பட்டு மீண்டும் அனுப்பப்படுகிறது. எல்லாம் பல வினாடிகள் நினைவகத்தில் காத்திருந்த பிறகே இசையாகின்றன. மேல்தொட்டி நிறைந்திருக்கும்போது மோட்டார் திக்கித் திணறி ஓடினாலும் குழாயில் நீர் சீராகவே விழுவதைப் போன்றதுதான் இது. ஆகவே, வீட்டு இணையக் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சுக்கு ஒரு துல்லியக் கடிகாரத்தை இணைப்பதால் இசையின் நேரம் திருந்துவதற்கு வழியே இல்லை. அந்தச் சுவிட்சின் 25 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு டிஏசி வரை பயணிப்பதே கிடையாது. யூ.எஸ்.பி. இணைப்பிலும், இப்போது பரவலாக உள்ள அசிங்க்ரனஸ் முறையில் டிஏசியின் சொந்தக் கடிகாரமே தலைமை வகிக்கிறது. எவ்வளவு வேகத்தில் தரவு வேண்டும் என்பதை அதுவே கணினிக்குத் தெரிவிக்கிறது.

குறுந்தட்டு இயக்கி போன்றவற்றை டிஏசியுடன் இணைக்கும் எஸ்.பி.டி.ஐ.எஃப். (S/PDIF) என்னும் எண்முறை இணைப்பு மட்டும் வேறு வகை. அதில் கடிகாரத் துடிப்பும் தரவும் ஒரே அலையில் பின்னிப் பிணைந்து வருவதால், பெறும் கருவி அந்த அலையிலிருந்தே நேரத்தைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. கேபிள்களைப் பற்றிய பழைய அச்சங்களில் பலவும் இந்த இணைப்பின் காலத்தில் பிறந்தவை. அன்று அவற்றில் நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தை அப்படியே கணினி வலையமைப்புக்கான ஈதர்நெட் கேபிளின் மீது ஏற்றிவைப்பதுதான் பொருந்தவில்லை.

கட்டுரை மிகவும் புகழ்ந்திருக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரூபிடியம் கடிகாரத்தை, அதாவது ரூபிடியம் அணுக்களைக் கொண்டு துடிப்பை நிலைநிறுத்தும் வெளிக் கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிஏசிக்குத் தேவைப்படும் துடிப்புகள் பொதுவாக 22.5792 மெகாஹெர்ட்ஸும் 24.576 மெகாஹெர்ட்ஸும் ஆகும், முன்னது 44.1 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு, பின்னது 48 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு. இவை இரண்டுமே 10 மெகாஹெர்ட்ஸின் முழு மடங்குகள் அல்ல. எனவே வெளியிலிருந்து வரும் துடிப்பைக் கொண்டு தேவையான அலைவெண்ணை உருவாக்க, கருவிக்குள் இன்னொரு மின்சுற்று இயங்கியாக வேண்டும். கடைசியில் கிடைக்கும் துடிப்பின் தூய்மை பெரிதும் அந்தச் சுற்றையே பொறுத்திருக்கிறது. மாற்றியின் சில்லுக்கு அருகிலேயே அமர்ந்திருக்கும் துடிப்பைத் தரும் நல்ல படிக அலையியற்றியை ஒதுக்கிவிட்டு, ஒரு மீட்டர் கேபிளைக் கடந்து வரும் துடிப்பை நாடுவது பல வேளைகளில் ஜிட்டரைக் கூட்டவே செய்யும். ரூபிடியத்தின் பெருமை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வழுவாத நிலைத்தன்மையில் இருக்கிறது. காதுக்கு அது எதற்கு? பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலும் 440 ஹெர்ட்ஸ் சுரம் 0.00044 ஹெர்ட்ஸ்தான் விலகும். ஒலிக்கு முக்கியமானது மிகக் குறுகிய கால அளவில் நிகழும் அசைவு; அணுக் கடிகாரம் என்ற பெயரே அதற்கு உத்தரவாதம் ஆகிவிடாது.

வெளிக் கடிகாரத்தின் உண்மையான இடம் ஒலிப்பதிவுக் கூடம். பல மாற்றிகளும் மிக்சரும் ஒளிக்காட்சிக் கருவிகளும் ஒன்றாக இயங்கும்போது, எல்லாம் ஒரே துடிப்பைப் பின்பற்றாவிட்டால் சொடுக்கொலிகளும் விடுபடல்களும் நேரும். அங்கே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான துடிப்பைத் தரும் வேர்டு கிளாக் இன்றியமையாதது. வீட்டில் ஒரே ஒரு டிஏசியைக் கொண்டு பாட்டுக் கேட்பவருக்கு அந்தச் சிக்கலே எழுவதில்லை.

கேபிள்களைப் பொறுத்தவரை, எதுவும் மாறாது என்று நான் வாதிடவில்லை. யூ.எஸ்.பி. ஒலி இணைப்பில் பிழையுற்ற தரவு மீண்டும் அனுப்பப்படுவதில்லை என்பதால், பழுதான கேபிள் சொடுக்கொலியையும் இடைநிறுத்தத்தையும் தரும். ஆனால் அது அடித்தொனியைக் குறைப்பதோ குரலை மெருகேற்றுவதோ கிடையாது. கணினியிலிருந்து தரையிணைப்பு வழியாக வரும் இரைச்சல் இன்னொரு உண்மையான தொல்லை. மவுஸை நகர்த்தும்போது ஒலிபெருக்கியில் கரகரப்பைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அதற்கு மருந்து ஒளியிழை இணைப்பு, மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யூ.எஸ்.பி. தனிமைப்படுத்தி, இரு கம்பிகளில் எதிரெதிராக அலையை அனுப்பி இரைச்சலைக் கழிக்கும் பேலன்ஸ்டு இணைப்பு போன்றவை. சாதாரண ஈதர்நெட் இணைப்பில் இரு முனைகளிலும் உள்ள சிறு மின்மாற்றிகள் ஏற்கெனவே இந்தத் தனிமைப்படுத்தலைச் செய்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், கட்டுரை பரிந்துரைக்கும் உலோகக் கவசமிட்ட கேபிளில் கவசம் இரு முனைகளிலும் இணைந்திருந்தால், இல்லாத தரைச் சுழலை, அதாவது தரையிணைப்புகளின் வழியே மின்னோட்டம் சுற்றி வந்து இரைச்சல் தரும் வளையத்தை, அதுவே உண்டாக்கிவிடக்கூடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கருவிகளைப் பற்றி இனி மதிப்புரை வெளியிடும்போது, கருவியைப் பொருத்துவதற்கு முன்பும் பின்பும் டிஏசியின் வெளியீட்டைப் பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து அச்சிட வேண்டும். கேட்டுப் பார்த்துத் தீர்ப்பளிப்பதானால், ஒலியளவை 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தி, எது எது என்று கேட்பவருக்குத் தெரியாமல் வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதை மேலானது என்று நம்பிவிடும் இயல்பு பயிற்சி பெற்ற காதுகளுக்கும் உண்டு.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையைச் சார்ந்த ஒரு வாசகர்