எண்களை எண்ணாதே

அன்புள்ள கயலுக்கு,

மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதும்போது எழுத்தெல்லாம் காதில் விழுகிறது, எண் வந்தால்தான் கை நின்றுபோகிறது என்று எழுதியிருந்தாய். எழுத்தில் ஒன்று விட்டுப்போனால் முன்பின் பார்த்து நிரப்பிவிடலாம். எண்ணில் அது நடக்காது. 7030இல் அந்த 3 தவறினால், அங்கே பத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் எண்ணுக்கென்று தனியாக உழைத்துத்தான் ஆகவேண்டும்.

பத்து எண்ணுக்கும் ஐந்தைந்து தட்டு. குட்டைத் தட்டு டிட், நீளத் தட்டு டா. 1 முதல் 5 வரை டிட் முன்னால் வரும், எண் எத்தனையோ அத்தனை டிட்; மிச்சம் டா. 6 முதல் டா முன்னால்: 6க்கு ஒன்று, 7க்கு இரண்டு, 8க்கு மூன்று, 9க்கு நான்கு, 0க்கு ஐந்துமே டா. இந்த ஒழுங்குதான் வினை. அது தெரிந்ததும் மனசு விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடும். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எண் போய்விடும்.

உன்னை எண்ண வைப்பது மெதுவான ஒலி. அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் நிமிடத்துக்கு 8 சொல் என்பதால் ஒலியையும் அதே வேகத்துக்கு இழுத்துவைத்துப் பழகுகிறாய் என்று நினைக்கிறேன். அந்த வேகத்தில் ஒரு டிட் 150 மில்லிவிநாடி. டா அதைப்போல் மூன்று மடங்கு, தட்டுக்குத் தட்டு இடைவெளி ஒரு டிட் அளவு. கூட்டிப் பார்: 5க்கு 9 டிட் நேரம், 0க்கு 19. ஒரே ஒரு பூஜ்யம் கிட்டத்தட்ட மூன்று விநாடி ஓடுகிறது! அவ்வளவு நேரம் கிடைத்தால் யாரும் எண்ணத்தான் செய்வார்கள். பயிற்சி ஆப்பில் எழுத்து வேகத்தை 18க்கு ஏற்றிவிட்டு, மொத்த வேகத்தை 8இலேயே விடு. ஃபார்ன்ஸ்வர்த் என்று அந்த அமைப்புக்குப் பெயர். பூஜ்யம் ஒன்றேகால் விநாடியில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே எழுதுவதற்குக் கிடைக்கும்.

கேட்கவேண்டியது ஒலி டிட்டிலிருந்து டாவுக்கோ டாவிலிருந்து டிட்டுக்கோ திரும்பும் இடத்தை. 5, 0 இரண்டும் திரும்புவதே இல்லை, அவற்றில் தொடங்கு. இரண்டையும் கலந்து கேட்டு, பத்துக்கு ஒன்பது சரியாக வந்தபின் 1, 9 சேர். பிறகு 4, 6. கடைசியில் 2, 3, 7, 8. சிக்கலெல்லாம் இந்த நாலில்தான். அதிலும் நமக்குக் கூடுதல் வேலை இருக்கிறது, நம் நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்குப் பெயராக இருக்கும் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் வியு2, வியு3 என்றே தொடங்குகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பார்: 'டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா'. இது வியு2. 'டிடிடிடா, டிடிடா, டிடிடிடாடா'. இது வியு3. முதல் இரண்டு எழுத்தும் டிட்டில் துள்ளி ஒரே டாவில் முடிவதால், காது அந்தத் துள்ளலிலேயே போய் 2ஐ 3 என்று எழுதிவிடும். 2இல் இழுப்பு சீக்கிரம் வந்து நீளமாக நிற்கும். அந்த நீளத்தைப் பிடித்துக்கொள்.

இனி அனுப்புவது. தகதகிட சொல்லிப் பழகிய நாக்கு உனக்கு. 5ஐ 'தக, தகிட' என்று பிரித்துத் தட்டிவிடாதே. பிரிந்தால் கேட்பவர் ஐ, எஸ் என்று இரண்டு எழுத்து எழுதுவார். 0 அப்படிப் பிரிந்தால் எம், ஓ. ஐந்து தட்டும் ஒரே மூச்சில் போகவேண்டும். ஒரு தட்டு குறைந்தாலும் வம்பு: 5 எச் ஆகும், 6 பி ஆகும். 4இல் ஒரு டிட் விட்டால் வி, 1இல் ஒரு டா விட்டால் ஜே.

முழங்கையை மேசைமேல் ஊன்றி மணிக்கட்டால் தட்டு, விரலால் குத்தாதே. தட்டும் கருவியான கீயின் முனைகளுக்கு நடுவே ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி போதும். ஸ்பிரிங் இறுகியிருந்தால் கை சோர்ந்து கடைசி டிட் விழாது. தளர்ந்திருந்தால் ஆறாவது டிட் தானே விழும். பாடில் என்ற பக்கவாட்டில் அழுத்தும் கீ வைத்து அடித்தால், கட்டைவிரலை எடுக்கத் தாமதிக்கும்போது, டிட்டையும் டாவையும் தானே உண்டாக்கும் கீயர் இன்னொரு டிட்டைச் சேர்த்துவிடும். 5இல் இது அடிக்கடி நடக்கும். தவறினால் எட்டு டிட் அடித்துவிட்டு, அந்த எண்ணை மட்டுமில்லை, அதோடு சேர்ந்து வரும் எண்களின் முழுக் குழுவையும் மறுபடி அனுப்பு.

வானொலியில் நேரடியாகக் கேட்கும்போது, சிக்னல் நன்றாக வருகிறது என்று சொல்லும் 599க்குப் பதில் 5என்என் என்று வரும், திகைக்காதே. 9க்கு என், 0க்கு டி, 1க்கு ஏ என்று சுருக்குவது போட்டிகளில் பழக்கம். தேர்வில் நீ முழுசாகவே அனுப்பு. தாளில் பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழு, ஓவோடு குழம்பாது.

தினம் பத்து நிமிடம் போதும், காலையும் மாலையும் ஐந்தைந்தாக. பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற வண்டியின் நம்பரை டிஎன் 38இலிருந்து கடைசி எண்வரை வாய்க்குள்ளேயே டிட் டாவில் சொல்லிக்கொண்டே வா. ஞாயிற்றுக்கிழமை ஐந்தைந்து எண்ணாக இருபது குழு என் கீயில் அடித்து ஆடியோவாக அனுப்புகிறேன். நீ எழுதிய தாளை அடித்துத் திருத்தாமல் அப்படியே படம் எடுத்து அனுப்பு. எந்த எண்ணை எதுவாகக் கேட்டாய் என்று எனக்குத் தெரிந்தால்தான் அடுத்த வாரத்துக் குழுக்களில் அந்த ஜோடியைக் கூட்டிப் போட முடியும்.

அன்புடன்,
அப்பா