ராய் ஜென்கின்ஸ்: இரண்டு திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிரிட்டனில் லேபர் கட்சி அமைச்சராக இருந்த ராய் ஜென்கின்ஸ் பற்றிய கட்டுரையில் இரண்டு பிழைகள். தூக்குத் தண்டனையை ஒழித்தவர் அவர் என்பது ஒன்று. ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக வாழ்க்கை வரலாறு எழுதினார் என்பது மற்றொன்று.

எம்.பி. சிட்னி சில்வர்மேன் கொண்டுவந்த மரண தண்டனை ஒழிப்பு மசோதா 1965 நவம்பரிலேயே சட்டமாகிவிட்டது. ஜென்கின்ஸ் உள்துறை அமைச்சரானது டிசம்பரில். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 1967-ன் கருக்கலைப்புச் சட்டம்கூட எம்.பி. டேவிட் ஸ்டீல் கொண்டுவந்தது. ஆண்களின் தன்பாலுறவு குறித்த சட்டம் இன்னொரு எம்.பி. லியோ ஆப்ஸ் கொண்டுவந்தது. ஜென்கின்ஸ் தந்தது நேரம். அமைச்சரல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் சில மணி நேரம்தான் கிடைக்கும். எதிர்ப்பவர்கள் பேச்சை இழுத்துக்கொண்டே போனால் போதும், அவை கலைந்துவிடும், மசோதாவும் செத்துவிடும். அந்த இரண்டு மசோதாக்களுக்கும் அரசின் நேரத்தை ஒதுக்க வைத்து, விடிய விடிய அவை நடக்க வழிசெய்தார். வெளியே தெரியாத வேலைதான். ஆனால் அது இல்லாமல் இரண்டும் நிறைவேறியிருக்காது. அவர் துறையே கொண்டுவந்தது 1967-ன் குற்றவியல் நீதிச் சட்டம்: ஜூரிகள் 12 பேரில் 10 பேர் ஒத்துப்போனாலே தீர்ப்பு சொல்லலாம் என்றானது அதில்தான்.

எழுத்துக்கு வருவோம். பிரதமர் அட்லியைப் பற்றிய முதல் நூல் வந்தது 1948-ல், ஜென்கின்ஸ் எம்.பி. ஆன அதே ஆண்டில். விக்டோரியா கால அரசியல்வாதி டில்க் பற்றிய நூல் 1958, முன்னாள் பிரதமர் ஆஸ்குவித் பற்றியது 1964. எல்லாம் உள்துறைக்கு வருமுன்பே. 1954-ல் வந்த 'மிஸ்டர் பால்ஃபர்ஸ் பூடில்', பிரபுக்கள் சபையின் தடுப்பு அதிகாரம் பறிபோன கதை. புதிய பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்துவிடுவோம் என்ற மிரட்டல், யார் வாக்களிக்காமல் ஒதுங்குவார்கள் என்ற கணக்கு, கடைசியில் 1911 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அந்த அதிகாரத்தைப் பறிக்கும் மசோதா பிரபுக்கள் சபையிலேயே 131-க்கு 114 வாக்குகளில் நிறைவேறியது. தலை எண்ணிப் பழகியவருக்குத்தான் இந்தப் பதற்றத்தை எழுத வரும்.

குறையும் உண்டு. ஆவணக் காப்பகங்களில் தோண்டுகிறவர் அல்ல அவர். 19-ஆம் நூற்றாண்டுப் பிரதமரைப் பற்றிய 'கிளாட்ஸ்டன்' பெருமளவு, 14 தொகுதிகளாக அச்சான அந்தப் பிரதமரின் நாட்குறிப்பை நம்பி நிற்கிறது. ஆஸ்குவித் நூலிலோ, தன் நெருங்கிய தோழி வெனிஷியா ஸ்டான்லிக்கு ஆஸ்குவித் எழுதிய கடிதங்களில் சில பகுதிகளை, ஆஸ்குவித்தின் மகள் உயிரோடிருந்ததால், ஜென்கின்ஸ் விட்டுவிட்டார். பிந்தைய பதிப்பில்தான் அவை வந்தன. பழைய பதிப்பை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் 'சர்ச்சில்' என்ற தலையணைப் புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1911-ன் கதையைச் சொல்லும் 'மிஸ்டர் பால்ஃபர்ஸ் பூடில்'தான் சின்னது, கூர்மையும் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்