மொய்க்கு ஊர் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு,

கல்யாண மண்டபங்களில் மொய் வாங்க கியூஆர் அட்டை வைக்கும் பழக்கம் மதுரை வட்டாரத்தில் பரவி வருவது குறித்து நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2016-இல் வந்த யுபிஐ இன்று இளநீர்க் கடை வரை வந்துவிட்டது. மொய்க்கும் வருவதில் வியப்பில்லை. சில்லறைத் தொல்லை இல்லை, சரி. ஆனால் மொய் வெறும் பணமல்ல. யார், எந்த ஊர், என்ன முறை என்பதும் சேர்ந்த கணக்கு. உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுபவர்கள் நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் முதலில் கேட்பது ஊரைத்தான், தொகையெல்லாம் அப்புறம்தான்.

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகையைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினோம். மொய்யும் அப்படியே கைப்பேசிக்கு வந்தது. இரவு கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், 'முருகன் 501' என்று நான்கு வரிகள். (எங்கள் சொந்தத்தில் முருகனுக்குப் பஞ்சமில்லை.) அம்மா விடவில்லை, ஒவ்வொரு முருகனுக்கும் போன் போட வைத்தார். அதில் ஒருவர் கருமாத்தூர்ச் சித்தப்பா. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்காகக் கியூஆர் அட்டையை எடுத்துவிட வேண்டியதில்லை. அதை மொய் எழுதுபவரின் மேசையிலேயே வைத்து, பணம் அனுப்பியவர் ஊரையும் பெயரையும் அவரிடம் சொல்லிப் பதிந்துவிட்டுப் போகும்படி விசேஷ வீட்டார் ஏற்பாடு செய்யலாம். வெளியூரிலிருந்து அனுப்புவோர் குறிப்புப் பகுதியில் ஊர் பெயரைப் போட்டு, ஒரு போனும் போடட்டும்.

– ஒரு வாசகர், செக்கானூரணி