மைதானத்துச் சாவி யாரிடம்? பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அரசுப் பள்ளி மைதானங்களை, பள்ளி விட்ட பிறகு இருட்டும் வரையிலும், சனி ஞாயிறுகளிலும், கோடை விடுமுறையிலும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். இவ்வளவுதான். ஏன் என்று கேட்க நேரமிருந்தால் மேலே படியுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எண்பதுகளில் எங்கள் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நான்கு மணிக்குப் பெரிய மணி அடித்தால் வாத்தியார்கள் பஸ்ஸுக்குப் போவார்கள், நாங்கள் பைக்கட்டை வீட்டுத் திண்ணையில் எறிந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவோம். ஆடு மேயும், யாராவது மிளகாய் காயப் போட்டிருப்பார்கள், ஓர் ஓரத்தில் பெரியவர்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். மிச்ச இடம் எங்களுக்கு.

விளையாட்டுகளுக்குப் பருவம் இருந்தது. யார் வகுத்ததோ தெரியாது. திடீரென்று ஒருநாள் ஊர் முழுக்கப் பம்பரம் சுற்றும். மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு சாட்டைக் கயிற்றைக் கூடக் காண முடியாது, எல்லார் டவுசர் பையிலும் கோலிக்குண்டு குலுங்கும். ஆடிக் காற்று கிளம்பியதும் பனை ஓலையைக் கிழித்துக் கருவேல முள்ளில் குத்திய காத்தாடிகள். மழை விழுந்தால் கரிசல் மண் காலை விடாது, அப்போது பாண்டியும் கிட்டிப்புள்ளும் நின்றுபோகும். திண்ணைக்கு ஏறி பல்லாங்குழி, தாயம், தட்டாங்கல். நுங்குக் காலத்தில் நுங்கு வண்டி. கவட்டைக் கம்பும், நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் கூந்தல் இரண்டும் இருந்தால் வண்டி தயார், பெட்ரோல் செலவு இல்லை. ஹாக்கிக்குப் பெயர்போன ஊர்ப் பக்கம் என்பதால் வளைந்த கருவேலங்கொம்பை வெட்டிக்கொண்டு அதையும் ஆடினோம். அந்தக் கொம்பு முட்டியில் பட்டால் இரண்டு நாள் நொண்ட வேண்டும்.

பொம்மை என்று கடையில் வாங்கியது திருவிழாவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். தீப்பெட்டித் தொழில் ஊர் என்பதால் எங்களுக்குத் தீப்பெட்டிதான் எல்லாம். காலிப் பெட்டிகளைக் கோத்தால் ரயில், இரண்டு பெட்டிக்கு நடுவே நூல் கட்டினால் டெலிபோன், மேலே ஒட்டிய படங்களைச் சேர்த்தால் சொத்து. நான் மிகவும் நினைத்துப் பார்ப்பது எங்கள் சினிமா கொட்டகையை. ஃபியூஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கதவிடுக்கு வழியாகத் திருப்பிவிட, இருட்டறைக்குள் இன்னொருவன் பல்புக்கு முன்னால் ஃபிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடிப்பான். தாத்தாவின் வேட்டியில் கதாநாயகன் நேராக எழுந்து நிற்பார். ஏன் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் குவிலென்சு பாடம் வந்தபோது எங்களில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியே கண்ணாடி பிடிப்பவனுக்குத்தான் சூரியன் நகர்வது முதலில் தெரியும், படம் பார்க்கக் கிடைக்காத கடுப்பும் அவனுக்குத்தான்.

இதில் பெரியவர்கள் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சா பூ த்ரீ’ போட்டு ஆள் பிரிப்பதிலிருந்து, கிட்டியால் தூரம் அளக்கும்போது வரும் சண்டை வரைக்கும் நாங்களே பார்த்துக்கொண்டோம். அடித்த புள்ளை, அதாவது சின்னக் குச்சியை, எதிராளி அந்தரத்திலேயே பிடித்துவிட்டால் அவுட். பிடித்தானா, தரையில் பட்டபின் எடுத்தானா என்பதற்கு நடுவர் கிடையாது, வீடியோ கிடையாது. கத்துவோம், ‘காய்’ விடுவோம், மறுநாள் ‘பழம்’ விட்டுவிட்டு மீண்டும் ஆடுவோம். தொடர்ந்து அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனுக்கு ஒரு வாரம் ஆளே கிடைக்காது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் அக்காவையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். தம்பி ஒப்புக்குச் சப்பாணி. அவனும் ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் ஆக மாட்டான். ஆட்டம் கெடாமல் அவனையும் சேர்த்துக்கொள்ள அந்த வயதிலேயே ஒரு விதி வைத்திருந்தோம்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் என் தலைமுறை முழுக்கத் தெருவில் ஆடிக் களித்தது போலத் தோன்றும். அது பாதி உண்மை. எங்கள் வகுப்பில் சேர்ந்த பெண் பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்பைப் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆலை பஸ் வந்து நிற்கும். அதில் ஏறியவர்கள் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிவிட்டு இருட்டிய பிறகு இறங்குவார்கள். பள்ளிக்கு வந்தவர்களில் பலருக்கும் மாலையில் வீட்டில் பெட்டி ஒட்டுகிற வேலை காத்திருக்கும். நாங்கள் ரயில் ஓட்டிய தீப்பெட்டியை எங்கள் வயதுப் பிள்ளைதான் ஒட்டியிருக்கும். எந்தத் தெருப் பையன் எந்தத் தெருவுக்குள் வந்து பம்பரம் விடலாம் என்பதற்கும் ஊரில் சட்டம் இருந்தது, அதைப் போட்டவர்கள் பிள்ளைகள் அல்ல. அதனால்தான் தெருவைத் திருப்பித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. தெரு யாருடையதோ, அவர்களுடைய ஆட்டம்தான் அங்கே நடக்கும். ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உரிமையோடு காலடி வைக்கிற ஒரே வெட்டவெளி அரசுப் பள்ளி மைதானம்தான். அன்றும் அப்படித்தான் இருந்தது.

இன்று அந்த மைதானத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர். நான்கரைக்குக் கேட்டில் பூட்டு. சுவர் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, அதே அட்டவணையில் சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் இரண்டாவதை ஒழுங்காகக் கட்டி, முதலாவதை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992-இல். அதன் 31-ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பூட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்டவா முடியும்?

பள்ளி நேரத்துக்குள் விளையாட்டு நடக்கிறதா என்றால், பி.டி. பீரியட் யாரிடம் கடன் போயிருக்கிறது என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அதைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தவரே வேண்டிக்கொண்டார். அது வேறு மடலுக்கான விஷயம்.

‘பாரம்பரிய விளையாட்டு விழா’ நடத்துகிறோமே என்பீர்கள். ஒன்றுக்குப் போயிருக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டில் அளவெடுத்துப் போட்ட பாண்டிக் கட்டம், கழுத்தில் விசில் தொங்க ஒரு நடுவர், வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முறை சில்லு எறிந்த பிள்ளைகள், முடிவில் சான்றிதழ். பாண்டி ஆட்டத்தில் பாதி சுவாரசியமே கோட்டை மிதித்தாளா இல்லையா என்ற சண்டைதான். அதை விசில் தின்றுவிட்டது. கீழடியில் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு உங்கள் பள்ளிகளே பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்துப் போகின்றன, நல்லது. அதே பிள்ளை ஊர் திரும்பி ஓர் ஓட்டாஞ்சில்லைத் தேய்த்து எடுத்தால் எறிவதற்கு இடம் எங்கே?

2024 முதல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் ஊராட்சிதோறும் வழங்கப்பட்டன. 12,525 ஊராட்சிகள், 33 வகைப் பொருட்கள். பந்து வந்துவிட்டது. அதை உருட்ட ஊர் நடுவில், ஏற்கெனவே அரசு நிலமாகவே ஒரு மைதானம் இருக்கிறது, மாலையில் காலியாக.

திறந்துவிட்டால் பாட்டில் உடைப்பார்கள், சீட்டாடுவார்கள், ஏதாவது நடந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயம் நியாயமானது. திங்கட்கிழமை காலையில் கண்ணாடித் துண்டு பொறுக்கிய தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் குடிக்க வருகிறவனுக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. ஏறிக் குதித்து வருகிறான், ஆள் இல்லாத இடம் அவனுக்கு வசதி. முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கிற இடத்தில் அவன் உட்காருவது கஷ்டம்.

எனவே பொறுப்பைத் தலைமையாசிரியர் தலையில் கட்டாதீர்கள். பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு பள்ளியிலும் சட்டப்படி இருக்கிறது. சாவியை அவர்களிடம் கொடுக்க ஓர் அரசாணை போதும். மாலையில் விபத்து நேர்ந்தால் ஆசிரியர் மீது நடவடிக்கை இல்லை என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும். வகுப்பறைக் கட்டடம் பூட்டியே இருக்கட்டும். எடுத்த எடுப்பில் மாநிலம் முழுக்க வேண்டாம், ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி என்று இந்தக் கோடையில் ஆரம்பித்துப் பாருங்கள்.

தயவுசெய்து பயிற்சியாளர் அனுப்பாதீர்கள், சீருடை தைக்காதீர்கள், தொடக்க விழா வைக்காதீர்கள். என்ன ஆடுவது என்றும் சொல்ல வேண்டாம். கிரிக்கெட்தான் ஆடுவார்கள் என்றால் ஆடட்டும். எனக்குப் பிடித்த கிட்டிப்புள்ளை அவர்கள் ஆடியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயும் பெண் பிள்ளைகளின் கழிப்பறையும் மட்டும் அந்த நேரத்தில் பூட்டாமல் இருக்க வேண்டும். கழிப்பறை பூட்டியிருந்தால் பெண் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மைதானம் மறுபடியும் பையன்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். அரசாணையில் இதையும் மறக்காமல் சேருங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளியில் படித்த, கரிசக்காட்டுக்காரன் ஒருவன்