ரெப்ரியிட மணிக்கூட்டில என்ன நேரம் எண்டு எங்களுக்கும் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாசம் கல்முனைப் பக்கம் ஒரு கிரவுண்டில நடந்த ஃபுட்போல் ஃபைனல் மெச்சுக்குப் போயிருந்தன். என்ட மகன் ஆடினவன், ஒரு கோலால தோத்தவனுகள், ஆனா நான் எழுதுறது தோல்வியப் பத்தி இல்ல, நேரத்தப் பத்தி.

நாலு மணிக்கு எண்டு நோட்டீஸ்ல போட்ட மெச், அதிதிகள் வந்து மாலை போட்டு பேசி முடிச்சு தொடங்கக்குள்ள நாலரை. ரெண்டாவது பாதி 5.30க்குத் தொடங்கினத நான் போன்ல பாத்து வச்சிருந்தன், 6.02க்கு கடைசி விசில் ஊதியாச்சு. 32 நிமிசம். அதுக்குள்ள மத்த டீம் கோல் கீப்பர் ரெண்டு தரம் படுத்துட்டார், தண்ணிப் போத்தலோட ஆள் ஓடி வந்து கால நீவி விட்டு, பூட்ஸ் லேஸக் கழட்டி திரும்பக் கட்டி, ஒரு தரத்துக்கு மட்டும் 3 நிமிசம் போச்சு, ஒண்டும் கூட்டிக் குடுக்கல்ல. கேட்டதுக்கு "இருட்டுது தம்பி, மஃரிப் பாங்கும் சொல்லப் போகுது" எண்டாங்க. நியாயம்தான், லைட் இல்லாத கிரவுண்ட், தொழுகைக்கும் போகணும். ஆனா அத மெச் தொடங்க முதலே சொல்லியிருக்கலாமே? ஃபுட்போல் சட்டத்தில 7ஆவது விதியில அப்பிடித்தான் இருக்கு, 45 நிமிசத்தக் குறைக்கிறதெண்டா தொடங்க முதல் ரெப்ரியும் ரெண்டு டீமும் ஒத்துக்கணும், போட்டி விதியும் அதுக்கு இடம் குடுக்கணும். பாதியில வெளிச்சத்தப் பாத்து முடிவெடுக்க ஏலா.

காயம், ஆள் மாத்துறது, கார்ட் காட்டுறது, வேணுமெண்டு இழுத்தடிக்கிறது எல்லாத்துக்கும் போன நேரத்தக் கூட்டிக் குடுக்கணும் எண்டும் அதே விதியிலதான் இருக்கு. நாலாவது நடுவர் பலகையில காட்டுற கூடுதல் நிமிசம் ஆகக் குறைஞ்ச அளவு, ரெப்ரி அதக் கூட்டலாம், குறைக்க ஏலா. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில இங்கிலாந்து ஈரான் மெச்சில ஈரான் கோல் கீப்பருக்குத் தலையில அடிபட்டதால முதல் பாதிக்கே 14 நிமிசம் காட்டினாங்க, பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய இடத்திலயும் பிழை விடுறாங்கதான், அதே வருசம் ஜனவரியில ஆபிரிக்கக் கிண்ணத்தில மாலி துனீசியா மெச்ச ரெப்ரி 85ஆவது நிமிசத்தில ஒருக்கா ஊதி, மறுகா 90 முடிய முதலே இன்னொருக்கா ஊதி முடிச்சுட்டார், வெயில்ல அவருக்கு சுகமில்லாமப் போனதெண்டு பிறகு சொன்னாங்க. திரும்ப ஆடக் கூப்பிடக்குள்ள துனீசியா வரவே இல்ல. எங்கட வெயிலும் லேசுப்பட்டதில்ல, 90 நிமிசம் ஓடுற ரெப்ரிமார நான் குறை சொல்லல்ல, அவங்களுக்கு உதவிக்கு ஆள் போடாதவங்களத்தான் சொல்றன்.

இப்ப 2025ல இருந்து கோல் கீப்பர் 8 செக்கனுக்கு மேல பந்தக் கையில வச்சிருந்தா மத்த டீமுக்கு கோர்னர், அதில கடைசி 5 செக்கனையும் ரெப்ரி கையால எண்ணிக் காட்டணும். 5 செக்கனையே எல்லாருக்கும் தெரிய எண்ணச் சொல்ற விளையாட்டில நாங்க 13 நிமிசத்த யாருக்கும் சொல்லாம விழுங்கிட்டம்.

விசில் ஊதினதும் மகன் கோர்னர் கொடிக்குப் பக்கத்தில பந்த வச்சபடி நிண்டவன், அடிக்க விடல்ல. "இன்னும் எவ்வளவு இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லல்லையே வாப்பா" எண்டுதான் வீட்ட வந்தும் கேட்டான்.

மட்டக்களப்பு, அம்பாறை லீக் காரங்களிட்ட நான் கேக்கிறது இதுதான், பேச்செல்லாம் பரிசு குடுக்கக்குள்ள வச்சுக்கோங்க, மெச்ச நோட்டீஸ்ல போட்ட நேரத்துக்குத் தொடங்குங்க, நேரம் குறைக்கிறதெண்டா டாஸ் போட முதல் மைக்கில சொல்லுங்க. எலக்ட்ரோனிக் பலகை வாங்கக் காசில்லாட்டி பரவாயில்ல, ஒரு காட்போர்ட் மட்டையில மார்க்கரால பெருசா 4 எண்டு எழுதித் தூக்கிப் பிடிங்க.

இப்படிக்கு,
ஆட்டக்காரர் ஒருவரின் வாப்பா,
மருதமுனை.