அடுத்து வரும் பிள்ளைக்கு ஒரு வயலைக் கொடுங்கள்: எங்கள் உழவர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும் இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வேலையை விட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது என்கிறார்கள். மன்னார்குடியில் யாரோ கூடுதல் சம்பளம் தருகிறார்கள் என்றும் பேச்சு. இரண்டும் உண்மை இல்லை. விலகல் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிய நாளிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பங்குப்பணம் போட்டு நடக்கிற நிறுவனம் இது. அவர்களுக்கும் காரணம் தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

காரணம் இதுதான். கள அலுவலர் என்ற பெயரில் நம் நிறுவனத்தின் உரக்கடையில் நீங்கள் கொடுத்த வேலை எனக்குப் போதவில்லை. கல்லூரியில் வேளாண்மை படித்த படிப்பில் பத்தில் ஒரு பங்குகூட அந்த மேசையில் தேவைப்படவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறப்பேன். இருப்புப் பதிவேட்டில் தேதி போடுவேன். அப்புறம் கைரேகை மெஷின். மானிய உரம் வாங்க ஆதார் எண்ணை அடித்து விரல் வைக்க வேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள நடைமுறை. அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆனால் நடவுக் காலத்தில் வருகிறவர்களின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? நாற்றுப் பறித்து, சிறு சிறு கட்டுகளாகக் கட்டி, சேற்றில் ஊன்றி ஊன்றித் தேய்ந்துபோன விரல்கள். முதலில் கட்டை விரல். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டும். துண்டில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல். மறுபடி சிவப்பு. தலையில் தடவியிருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு இன்னொரு விரல். நான் அந்த விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருப்பேன். பச்சை விளக்கு வந்ததும், “அடுத்தவங்க வாங்க” என்பேன்.

மூன்று வருடம் இப்படி எத்தனை விரல்களைப் பிடித்திருப்பேன்! மண்ணைத் தொட்டே அதன் பதம் சொல்கிற விரல்கள் அவை. வயல் எப்படி இருக்கிறது, தண்ணீர் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்க நேரம் இருந்ததில்லை. கேட்டாலும் அந்தப் பதிலை எழுத நம் பதிவேட்டில் ஒரு கட்டம் கிடையாது.

நீங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். “பாப்பா, நீ வெயில்ல அலையாத. ஆபீஸ்ல ஃபேன் போட்டு உட்காரு, போதும்” என்றுதான் எப்போதும் சொன்னீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துச் சொன்னீர்கள். எங்கள் அம்மா இருபது வருடம் நடவுக்குப் போனவர். நிழலில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கும் வேலையை யாராவது விடுவார்களா என்று அவரும் கேட்டார். குனிந்தே முதுகு போன அம்மாவிடம் இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அம்மா நாற்றைப் பார்த்ததும் வயது சொல்லிவிடுவார். எந்த வயலில் எத்தனை குத்து நாற்று போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய வேலை ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. என்னுடைய வேலை நான் கற்றதை மறக்கவைத்தது.

எப்படி என்று சொல்கிறேன். போன மார்கழியில் உறுப்பினர் ஒருவர் சட்டைப் பையில் சம்பாப் பயிரின் இலைகளைச் சுருட்டி எடுத்துவந்தார். நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாக மஞ்சள் இறங்கி, வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தது. வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரிந்த நோய் மாதிரி இருக்கிறது, பெயர் வரவில்லை. கடையில் இருந்த பூஞ்சாணக் கொல்லி ஒன்றை எடுத்துக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. பாக்டீரியா இலைக்கருகல். இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தால் பால் மாதிரி கலங்கலாக இறங்கும். கல்லூரியில் என் கையாலேயே செய்து பார்த்த சோதனை. பூஞ்சாணத்துக்கான மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நானோ அவருக்கு அந்த மருந்தோடு ஒரு மூட்டை யூரியாவும் கொடுத்து அனுப்பியிருந்தேன். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். மருந்து டப்பா பிரிக்காமல் திண்ணையில் இருந்தது. யூரியாவை அதிகாலையிலேயே இறைத்துவிட்டு வந்திருந்தார்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான், இன்னும் இரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தால் எனக்கு டம்ளர் சோதனையும் ஞாபகம் வராது என்று.

நான் வேலை கேட்கவில்லையா? கேட்டேன். கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் வருடம் இலை வண்ண அட்டை கொண்டுவந்தேன். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை, காலை வெயில் ஏறுவதற்குள், நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையில் உள்ள பச்சையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலை பார்த்தால் போதும். பெரும்பாலான ரகங்களுக்கு நான்காம் எண் பச்சைக்குக் கீழே இறங்கினால்தான் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண். இருபது வயலில் பார்க்கிறேன் என்றேன். பக்கத்து வயல்காரர் போட்டார் என்று நாமும் போடுகிற யூரியாவால்தான் இலைசுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடிக்கொண்டு வருகின்றன. “அது சரிம்மா, மூட்டை போகாட்டி கடை எப்படி ஓடும்?” என்றார் இயக்குநர் ஒருவர். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் கண்டுபிடிக்கிற வேலையையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது வருடம் கேட்டது உளுந்து. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் இது நம் டெல்டாவுக்கே உரிய பிரச்சினை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைத்துவிடுவோம். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் கிடையாது. மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைகிற பயிர். ஆள் வைத்து அரிவாளால் அறுத்த காலத்தில் தை மாதம் முளைத்த செடிகளுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது பெல்ட் சக்கரத்தில் ஓடுகிற அறுவடை மெஷின் இறங்குகிறது. முளைத்து இரண்டு இலை விட்ட செடி மேலே அது ஏறித் திரும்பினால் என்ன மிஞ்சும்? வயலின் நடுவில் அங்கங்கே பச்சை, திரும்புகிற முனைகளில் வெறும் மண். சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. நம் உறுப்பினர் வயல் ஒன்றில் ஒரு சதுர மீட்டர் அளவுச் சட்டத்தைத் தரையில் வைத்து நானே எண்ணினேன். பதினொன்று இருந்தது. பல பேர் உளுந்தையே கைவிட்டுவிட்டார்கள். கோடையில் தரிசாகக் கிடக்கிறது.

ஒரே ஒரு ஏக்கர் கேட்டேன். பாதியில் வழக்கம்போல அறுவடைக்கு முன்னால் வீசுவது, மறு பாதியில் மெஷின் போன கையோடு ஈரம் காய்வதற்குள் விதைப்பது. இரண்டையும் எண்ணிப் பார்த்து, விளைச்சலை எடை போட்டு, மகாசபையில் சொல்வது. செலவு என்று பார்த்தால் விதை உளுந்தும் விதைப்புக்கூலியும்தான். “அடுத்த கூட்டத்துல பார்ப்போம்” என்றீர்கள். மூன்று கூட்டம் போனது. தை மாதம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான் போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நெல் விதை உற்பத்தி செய்கிற ஒரு பண்ணை. சம்பளம் 3,000 ரூபாய் குறைவு. சி.ஆர். 1009 சப் 1 விதைக்கிறார்கள். இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்கிற ரகம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நம் கடைமடைக்கு அதன் அருமை தெரியும். என் வேலை கலவன் எடுப்பது. பூக்கும் சமயத்தில் வரிசை வரிசையாக நடந்து, உயரத்திலோ இலையிலோ பூத்த நாளிலோ மாறி நிற்கிற செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். விதைச்சான்று அதிகாரி வந்து பார்க்கும்போது ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. தேர்வு எழுதப் போகிற பிள்ளை மாதிரி பயமாக இருக்கிறது. அந்தப் பயம் வந்து மூன்று வருடம் ஆயிற்று. அது திரும்ப வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்கு எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

என் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரும் வேளாண்மை படித்தவராம். அவருக்காகக் கேட்கிறேன். மெஷினுக்கு நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவனைப் பழக்கிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். அந்தப் பெண்ணை வாரத்தில் மூன்று நாளாவது வயலுக்கு அனுப்புங்கள். வெயில் ஒன்றும் செய்யாது. கூட்டத்தில் இருப்புக் கணக்கு கேட்கிற மாதிரியே, “இந்த மாதம் எந்த வயலில் என்ன பார்த்தாய்?” என்றும் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் திட்டாதீர்கள், அடுத்த கூட்டத்துக்குள் தெரிந்துகொண்டு வா என்று சொல்லுங்கள். அந்த ஒரு ஏக்கரை இந்தத் தையில் அவருக்குக் கொடுங்கள். எண்ணுவதற்கு ஆள் தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

சாவியைத் தலைவர் ஐயா வீட்டில் கொடுத்துவிட்டேன். மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இலை வண்ண அட்டை இருக்கிறது. வெயிலில் கிடந்தால் நிறம் மங்கிவிடும், உறையிலேயே இருக்கட்டும். சதுர மீட்டர் சட்டம் மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிறது. நீல நோட்டின் கடைசிப் பக்கங்களில், ரேகை விழாத உறுப்பினர்களுக்கு எந்த விரலை வைத்தால் மெஷின் எடுக்கும் என்று பெயர்வாரியாக எழுதிவைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவரிடம் அதைக் காட்டுங்கள். வயதானவர்களை வரிசையில் அதிக நேரம் நிற்கவைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா
(முன்னாள் கள அலுவலர்)