எங்கிருந்து வருகிறீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உன் அப்பா வேறு, "நீயாவது எடுத்துச் சொல்லுடா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ரயிலும் காரும் போகிற ஊருக்கு, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, அதுவும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏம்மா நடக்கிறாய் என்று கேட்டாய். மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு சும்மா கவலைப்படாதே. நடந்ததைப் படித்துவிட்டு அப்புறம் கவலைப்படு.

முதலில் ஒன்று. தனியாகப் போகவில்லை. என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து, என்னோடு ஓய்வு பெற்ற தோழியும் வந்தாள். ஸ்பெயினில் இருக்கும் சான்டியாகோ வரைக்கும் 1,500 கிலோமீட்டர் போகிற பழைய யாத்திரைப் பாதை ஒன்று இங்கே பிரான்சில் ல் புய் நகரில் தொடங்குகிறது. நெடுந்தூர நடைபாதைகளுக்குப் போடுகிற எண் கணக்கில் அதை ஜி.ஆர். 65 என்பார்கள். ஃபிஜாக் ஊரைத் தாண்டியதும் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து செலே ஆற்றோடு இறங்கும். நேர்வழி மேட்டு நிலத்தில் போகும், தூரமும் குறைவு. நாங்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டோம். செலே போய் லோத் ஆற்றில் விழுகிறது, லோத் காஓர் நகரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. எல்லாம் சேர்த்துச் சுமார் 100 கிலோமீட்டர். இளவட்டங்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஃபிஜாக்கைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டினாரே ஷம்போலியோன், அவர் 1790-இல் பிறந்தது அங்கேதான். அவர் பிறந்த வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்ன முற்றம். அந்த எழுத்தைப் படிக்க அவருக்கு உதவிய ரொசெட்டா கல்லைப் பெரிதாக்கி, கருப்புக் கிரானைட்டில் செதுக்கி, தரையாகவே போட்டுவைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசுத் 1991-இல் செய்தது. எழுத்தின் மேல் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வளர்ப்பு அல்லவா! ஓரமாகவே சுற்றி வந்தேன். தோழி நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்குப் பிடித்தது வீடுகளின் உச்சி. கூரைக்குக் கீழே காற்றும் வெயிலும் வருகிற மாதிரி ஒரு தளத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தோல், துணி, தானியம் எல்லாம் அங்கேதான் காயப்போட்டார்களாம்.

பாதையில் தொலைந்துபோக வாய்ப்புக் குறைவு. மரத்திலும் கல்லிலும் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் போட்டிருப்பார்கள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழி இல்லை என்று அர்த்தம். தண்ணீருக்கு ஒரு உபாயம் உண்டு. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதிப் போடாத குழாயாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது மேடு ஏறியதும் கூச்சம் போய்விட்டது.

மேடு என்றேனே, அதுதான் கஷ்டம். ஆற்றோரம் முழுக்கப் பாதை கிடையாது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறை வந்து வழியை மறிக்கும். உடனே மேலே ஏற வேண்டும். மேலே கோஸ் என்கிற வறண்ட மேட்டு நிலம். பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேலே ஓடை இல்லை. குட்டையான கருவாலி மரம், கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, கண்ணைச் சுற்றிக் கருப்பு வளையம் போட்ட வெள்ளை நிறச் செம்மறிகள். அவை எல்லாம் கண்ணாடி போட்ட தலைமையாசிரியைகள் போல எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு மறுபடி இறக்கம். முழங்கால் வலித்தது உண்மை. ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். இரண்டு ஊன்றுகோல் வாங்கிய பிறகு சமாளித்துவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

ராத்திரி தங்குவது ஜீத் என்கிற நடையர் விடுதியில். எஸ்பாஞாக்கில் பழைய கன்னிமாடத்துக் கட்டடத்திலேயே படுக்கை கிடைத்தது. மாலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சூப், ரொட்டி, ஏதாவது ஒரு குழம்பு, கடைசியில் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன வட்டம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். இந்த நாட்டில் எத்தனை பேர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். புதுச்சேரி என்று சொல்லி, அது எங்கே என்று சொல்லி, அப்பாவுக்கு எப்படி பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன 1954 வரைக்கும் போய், அவர்கள் முகத்தில் ஆர்வம் வடிந்த பிறகும் முடிக்க முடியாமல் நிற்பேன். அன்றைக்கும் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பெண், "நான் ல் புய்யிலிருந்து, இவர் கோங்க்கிலிருந்து" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அந்த மேசையில் அந்தக் கேள்விக்கு எங்கே நடக்கத் தொடங்கினாய் என்றுதான் பொருள். "ஃபிஜாக்கிலிருந்து" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கொப்புளம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ஊசியும் நூலும் வேண்டுமா என்றார். அவ்வளவுதான் விசாரணை.

தம்பி, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் நீ பிறந்தாய். நீ வளர்ந்து போகிற வரைக்கும் எனக்குத் தெரிந்தது புறநகர் ரயிலும், சமையலறையும், பிரஃபெக்சர் என்கிற அரசு அலுவலகத்து வரிசையும்தான். ஒரே மேசையில் உட்கார்ந்து, அவர்களில் ஒருத்தியாக இல்லாவிட்டாலும் வழியில் ஒருத்தியாகச் சாப்பிட்டது இங்கேதான். உப்பை நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினேன். இதற்காகத்தான் நடக்கிறேன் என்று முன்கூட்டியே திட்டம் போட்டுப் போகவில்லை. ஆனால் மறுபடி போவதென்றால் காரணம் இதுதான்.

ஒவ்வொரு ஊரிலும் தேவாலயத்துப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கும். 1914–1918 போரில் செத்தவர்களின் பெயர்கள். இப்போது முப்பது வீடுகூடத் தேறாத ஊரில் நீளமான பட்டியல், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, அதே போருக்கான அதே மாதிரி நினைவகம், அதைக் கடலை கொறித்துக்கொண்டே தாண்டிப் போவோம். இங்கே நின்று படித்தேன். போருக்கு முன்னாலேயே இந்தப் பக்கம் காலியாகத் தொடங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலோக்செரா என்கிற பூச்சி வந்து திராட்சைக் கொடியின் வேரைத் தின்றுவிட்டது. 1851-இல் லோத் மாவட்டத்தில் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 1 லட்சத்து 75 ஆயிரம் போல. மலைச்சரிவில் புதருக்குள்ளே யாரோ கல் கல்லாக அடுக்கிய வரப்புகள் தெரிகின்றன.

மர்சியாக்கில் ஒரு மடம், பாதி இடிந்து கிடக்கிறது. ரொக்கமதூர் என்கிற யாத்திரைத் தலத்துக் கோயில் தங்களுடையது என்று அந்தக் காலத்தில் இந்த மடத்தார் சொன்னார்கள். கவனிக்காமல் விட்டிருந்தார்கள், டியூல் ஊர் மடத்தார் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 1166-இல் அங்கே ஒரு புனிதரின் உடல் கிடைத்து, கூட்டமும் காணிக்கையும் குவியத் தொடங்கியதும் இவர்களுக்கு உரிமை ஞாபகம் வந்துவிட்டது. இழுத்தடித்து, கடைசியில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். இதை உன் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லாதே.

காப்ரரே ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922-இல் உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போ. உள்ளே இரண்டு குதிரைகள், உடம்பெல்லாம் கரும்புள்ளி, சுற்றிலும் கை அச்சுகள். சுமார் 29,000 வருஷம் பழையது. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் கரியை வாயில் மென்று சுவரில் துப்பித் துப்பி இதே படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். கையைச் சுவரில் வைத்து அதன் மேல் துப்பினால் கையெடுத்த இடம் வெறுமையாக நிற்கும். பக்கத்தில் களிமண்ணில் ஒரு சிறு பிள்ளையின் காலடித் தடம் கெட்டியாகிக் கிடக்கிறது. பன்னிரண்டு வயது இருக்கும் என்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு நீ பள்ளியிலிருந்து வந்து சேற்றுக் காலோடு கூடத்துக்குள் நுழைவதுதான் நினைவுக்கு வந்தது. வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டார், நான்தான் கடைசியாக வந்தேன்.

பூசியேஸில் செலேவை விட்டு லோத் ஆற்றுக்கு வந்துவிட்டோம். அங்கே பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, கரையே இல்லை. ஆகவே 1840-களில் பாறையைக் குடைந்தே பாதை வெட்டினார்கள், தலைக்கு மேல் பாதிக் கூரை போலப் பாறை நிற்கும். காஓர் மதுப் பீப்பாய்களை போர்தோவுக்கு ஏற்றிப் போன படகுகள் திரும்பி வரும்போது, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வர வழி வேண்டுமே. வெட்டி முடித்துச் சில பத்து வருஷத்தில் ரயில் வந்துவிட்டது. இப்போது ரயிலும் இல்லை, தண்டவாளத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது.

அதன் முடிவில் சேன்-சிர்க்-லாபோபி. ஆற்றுக்கு மேலே நூறு மீட்டர் உயரப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு மிகப் பிடித்த கிராமம் என்று தொலைக்காட்சியில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அப்புறம் கேட்கவா வேண்டும். கவிஞர் ஆந்திரே பிரெதோன் 1951-இல் இங்கே வீடு வாங்கினார். இந்த ஊரைப் பார்த்த பின் வேறெங்கும் இருக்க வேண்டும் என்ற ஆசை நின்றுவிட்டது என்று எழுதினாராம். எனக்கு அப்படி இல்லை. ஒரு காபி குடித்ததும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் போல இருந்தது. நீ வந்தால் மர்சியாக்கில் ஒரு ராத்திரி கூடத் தங்கு, இங்கே மதியத்தோடு கிளம்பிவிடு.

காஓரில் வலாந்த்ரே பாலம். 1308-இல் தொடங்கி 1378-இல் முடித்தார்கள். எழுபது வருஷமா என்று ஊர் கேட்டதால் பிறந்த கதை போல ஒன்று சொல்கிறார்கள். கட்டடக்காரர் சாத்தானிடம் ஒப்பந்தம் போட்டாராம், சொன்ன வேலையெல்லாம் செய்தால் ஆன்மா உனக்கு என்று. முடிகிற நேரத்தில் சல்லடையில் தண்ணீர் கொண்டு வா என்றாராம். தோற்றுப்போன சாத்தான் ராத்திரி தோறும் நடுக் கோபுரத்தின் மூலைக் கல்லைப் பெயர்த்துப் போட்டதாம். 1879-இல் பழுது பார்த்தபோது கட்டடக் கலைஞர் போல் கூ, கல்லைப் பிடுங்குகிற ஒரு குட்டிச் சாத்தானையே அந்த மூலையில் செதுக்கி வைக்கச் செய்துவிட்டார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்தேன்.

அங்கிருந்து பாரிசுக்கு நேர் ரயில். வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது, செலவு எவ்வளவு. இரண்டாவது கேட்டது, அந்தச் சீஸ் ஏதாவது வாங்கி வந்தாயா. செப்டம்பரில் காஓரிலிருந்து மொய்சாக் வரைக்கும் நடப்பதாக இருக்கிறோம். அங்கே 1100-இல் முடித்த தூண் முற்றம் ஒன்று இருக்கிறதாம். அப்பா நடக்க மாட்டார், மொய்சாக்குக்கு ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். உன் பழைய நீல மழைக்கோட்டு அலமாரியிலேயே கிடக்கிறது, கையை மடித்துவிட்டால் எனக்குச் சரியாக இருக்கும். உனக்கு வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா